இருபது வயதான போர்ஷே பாக்ஸ்டர் காரை நம்பி தினமும் வேலைக்குப் போக முடியுமா?

ஹாரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனின் வடமேற்கில் ஹாரோவில் வசிக்கிறேன்; வேலை ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில். வாரத்தில் நான்கு நாட்கள் காரில்தான் போகிறேன், போகவர ஏறத்தாழ 35 மைல் ஆகிறது. இதுவரை ஓட்டிவரும் டீசல் கார், புகை அதிகம் விடும் வண்டிகளிடம் லண்டனில் கட்டணம் வாங்கும் யூலெஸ் வலயத்தின் தரத்தை எட்டாதது. 2023 ஆகஸ்ட் 29 அன்று அந்த வலயம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்ட பிறகு, வாசலிலிருந்து வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டியிருக்கிறது. இனியும் அதை வைத்திருப்பது வீண்செலவு என்பதால் வேறு கார் தேடத் தொடங்கினேன்.

என் கையில் இருப்பது 9,000 பவுண்டு. அதற்குள் ஏழெட்டு வயதான சிறிய குடும்பக் கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே போனபோது, அதே விலைக்கும் அதைவிடக் குறைவாகவும் போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையான 986 கிடைப்பதைக் கண்டேன். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு பழைய மாத இதழில் வெள்ளி நிற பாக்ஸ்டரின் படத்தைப் பார்த்து, அதைக் கிழித்து விடுதி அறையின் அலமாரிக் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் கார் இன்று என் சேமிப்புக்குள் அடங்குகிறது என்ற எண்ணம் வந்த பிறகு மனம் வேறு எதிலும் நிற்கவில்லை.

இப்போது ரெடிங்கில் ஒருவர் விற்கும் 2003-ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2.7 லிட்டர், ஐந்து கியர் மேனுவல், 78,000 மைல், விலை 6,500 பவுண்டு. என் மனைவியிடம் ஐந்து இருக்கைக் கார் ஒன்று இருக்கிறது, மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். ஆகவே இரண்டே இருக்கை என்பது எங்களுக்குத் தடையில்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் அலங்காரப் பொருளாக அல்லாமல், மழையிலும் குளிரிலும் நெரிசலிலும் ஓட்டிப் போகும் ஒரே வண்டியாக இதை வைத்துக்கொள்ள முடியுமா? எஞ்சினுக்குள் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அந்த அச்சம் எவ்வளவு உண்மை? வாங்கிய பிறகு எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்? இந்தக் காரை உண்மையிலேயே வைத்து ஓட்டியவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மில்டன்கீன்ஸ் ஓட்டுநர்:

வணக்கம். 2002-ஆம் ஆண்டு 2.7 ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் அது ஒன்றுதான் என் கார். தினமும் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், முடியும் என்பதோடு நிற்காது: தினமும் ஓட்டுவதுதான் அந்தக் காருக்கே நல்லது. மாதக்கணக்கில் கராஜில் போர்வைக்கடியில் கிடந்து, மே மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே வரும் கார்களில்தான் சீல்கள் காய்ந்துபோகின்றன, பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கிறது, எண்ணெயில் ஈரம் சேருகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து அரைமணி நேரமாவது ஓடும் பயணம் உங்களுடையது. அது மிகப் பொருத்தமானது.

உட்கார்ந்து பழகிவிட்டால் இது எவ்வளவு வசதியான கார் என்று பலருக்குத் தெரிவதில்லை. எஞ்சின் நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் முன்னாலும் பின்னாலும் ஆக இரண்டு டிக்கிகள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் 260 லிட்டர் வருகிறது. வாரத்துக்கான அரிசி, காய்கறி, பால் எல்லாவற்றையும் அதில்தான் கொண்டுவருகிறேன். பின் டிக்கி எஞ்சினுக்கு அருகில் இருப்பதால் சூடாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஐஸ்கிரீமையும் மீனையும் முன் டிக்கியில் வைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். 2003 மாதிரியிலிருந்து கூரையின் பின்கண்ணாடி உண்மையான கண்ணாடியாக, சூடேற்றும் கம்பிகளோடு வருகிறது. என்னுடையதில் பிளாஸ்டிக். குளிர்காலக் காலைகளில் அது மடிப்பில் வெடித்துவிடக்கூடும் என்பதால் உறைபனி நாட்களில் கூரையைத் திறப்பதே இல்லை. தினசரிப் பயன்பாட்டுக்கு நீங்கள் 2003-ஐத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

இனி செலவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். காரின் விலை குறைந்திருக்கிறதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை குறையவில்லை. எண்ணெய் மாற்றினால் எட்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். பெட்ரோல் கேலனுக்கு 26 அல்லது 27 மைல்தான் எனக்குக் கிடைக்கிறது, அதுவும் விலை கூடிய சூப்பர் பெட்ரோல் போட்டு. என் கணக்கில் பெட்ரோல், காப்பீடு, சாலை வரி ஆகியவற்றைத் தவிர்த்து, பழுதுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 பவுண்டு ஆகியிருக்கிறது. ஆனால் இந்தச் சராசரியை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஓர் ஆண்டில் 400 பவுண்டோடு முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் கிளட்ச், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் எல்லாம் சேர்ந்து 3,200 பவுண்டு வந்து நின்றது.

அந்தக் கண்டென்சர் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். முன் பம்பரின் இரண்டு பக்கமும் பெரிய காற்றுத் திறப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் முதலில் கண்டென்சரும் அதன் பின் ரேடியேட்டரும் நிற்கின்றன. சாலையில் கிடக்கும் இலைதழை எல்லாம் அந்தத் திறப்பு வழியே உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும், வெளியே வர வழியில்லை. பம்பரைக் கழற்றிய அன்று நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேயிலைச் சக்கையைப் போலக் கறுத்து, ஈரமாய், இறுகிய குப்பை ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கைப்பிடி வந்தது. அது பல ஆண்டுகள் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்ததில் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே நமுத்த அப்பளம் போல உதிர்ந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலம் முடிந்ததும் பம்பரைக் கழற்றி அந்தக் குப்பையை எடுத்தால் போதும், ஒரு சனிக்கிழமைக் காலை வேலை. எனக்கு முன் வைத்திருந்த மூவரில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. நீங்கள் பார்க்கப்போகும் காரில் ஒரு கைவிளக்கை அந்தத் திறப்புக்குள் அடித்துப் பாருங்கள். கார் எப்படிப் பேணப்பட்டது என்பது அந்த ஒரு பார்வையிலேயே பாதி தெரிந்துவிடும்.


குரோய்டன்வாசி:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். நானும் இதே காரை இரண்டு ஆண்டுகள் அன்றாடக் காராக வைத்திருந்து விற்றுவிட்டேன். ஓட்டும்போது அது தந்த மகிழ்ச்சியை வேறு எந்தக் காரும் எனக்குத் தந்ததில்லை. அதை மறுக்க மாட்டேன். என்னை விற்கச் செய்தது செலவு அல்ல, நாட்கள். பின் டிக்கியின் ஓரத்தில் இருக்கும் கூலன்ட் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, வயதானால் அதில் மயிரிழை வெடிப்பு விழும். தொட்டியின் விலை பெரிதல்ல. ஆனால் என் பகுதியில் அந்த வேலையை நன்றாகத் தெரிந்து செய்யும் பட்டறைக்கு ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் இரண்டு ரயில் மாறி வேலைக்குப் போனேன். ஆறு மாதம் கழித்து மழைநாட்களில் எஞ்சின் தடுமாறத் தொடங்கியது. இக்னிஷன் காயில்களின் உறையில் வெடிப்பு இருந்ததால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. மீண்டும் ஐந்து நாள். ஒவ்வொரு பழுதும் தனித்தனியே சிறியதுதான், இருபது வயது வண்டியில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தாக வேண்டியவருக்கு அது பெரிய தொல்லை.

ஆகவே நண்பரே, காரைப் பற்றிக் கேட்பதற்கு முன் உங்கள் நிலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அது பத்து நாள் பட்டறையில் நின்றால் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு எப்படிப் போவீர்கள்? மனைவியின் காரை எடுத்துக்கொண்டால் மகளைப் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது? இதற்கு வீட்டில் இப்போதே ஒரு விடை இருக்குமானால் வாங்குங்கள்.

கூரை திறக்கும் சிறிய காரின் இன்பம்தான் வேண்டும் என்றால் மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 2005 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறை உங்கள் பணத்தில் நல்ல நிலையில் கிடைக்கும். டைமிங் செயின் உள்ள எளிய எஞ்சின், எந்தப் பட்டறையும் கைவைக்கத் தயங்காத கார். அதற்கு முந்தைய தலைமுறையை மட்டும் வாங்காதீர்கள். முன்பக்கச் சட்டத்தின் உட்புறமும், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவடிப் பகுதியும் உள்ளிருந்தே துருப்பிடித்துப்போகும். மேலே பளபளப்பாகத் தெரிகிற வண்டி அடியில் தகடாக உதிரும்.

பாக்ஸ்டரேதான் வேண்டும், இன்னும் கொஞ்சம் சேர்க்க முடியும் என்றால் அடுத்த தலைமுறையான 987-ஐயும் பார்க்கலாம். அதில் சாலை வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களில், கரியமில வாயு அளவு கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் எவ்வளவு போனாலும் வரி ஒரு வரம்போடு நின்றுவிடும், ஆண்டுக்கு 400 பவுண்டுக்குச் சற்று மேல். அந்தத் தேதிக்குப் பிறகு பதிவானதாக இருந்தால் அதே காருக்கு 700 பவுண்டைத் தாண்டும். ஒரே நிறத்தில், ஒரே எஞ்சினோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கார்களுக்கு இடையே, ஒரு மாதப் பதிவு வித்தியாசத்தால் ஒவ்வோர் ஆண்டும் 300 பவுண்டு கூடுகிறது. உங்கள் 986 எப்படியும் அந்த வரம்புக்குள் வந்துவிடும்.


கொக்குவில் மெக்கானிக்:

வணக்கம் தம்பி. 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஒரு சொட்டுப் பெட்ரோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் கார்களில்தான் நான் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகினேன். இங்கே வந்து இருபத்திரண்டு வருடங்களாகக் கராஜில் வேலை செய்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஜெர்மன் கார்கள். ஆதலால் நீங்கள் கேட்ட ஐஎம்எஸ் பேரிங்கைப் பற்றி விளக்கமாக எழுதுகிறேன். என்ன நடக்கிறது என்று விளங்கினால் அச்சம் அதன் அளவோடு நின்றுவிடும்.

இந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் கீழே இன்னொரு தண்டு ஓடுகிறது. கிராங்க் தண்டு ஒரு செயினால் அதைச் சுழற்றும். அது தன் பங்குக்கு வேறு செயின்களால் இரண்டு பக்கத்துக் காம் தண்டுகளையும் சுழற்றும். அந்த இடைத்தண்டின் பிளைவீல் பக்கத்து முனையைத் தாங்குவதுதான் நீங்கள் கேட்ட பேரிங். அது கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். காலப்போக்கில் எஞ்சின் எண்ணெய் மூடியைக் கடந்து உள்ளே ஊறி, கிரீஸைக் கழுவிவிடும். பிறகு அழுக்கான அந்த எண்ணெயே உள்ளே தேங்கி நிற்கும், புது எண்ணெய் போய்ச் சேராது. குண்டுகள் தேயும், தண்டு ஆடும், செயின் பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் முட்டினால் எஞ்சின் முடிந்தது. இதுதான் முழுக் கதை.

1990-களின் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன, அவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறியபோதுதான் தொல்லை பெருகியது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான மாதிரிகளுக்காக உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. நீங்கள் பார்க்கும் 2003 அந்த ஆண்டுகளுக்குள் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உடைந்தவற்றைவிட உடையாமல் இன்றும் ஓடுகிறவை பல மடங்கு அதிகம். என் கைக்கு வந்த வண்டிகளைப் பார்த்தால், அதிகம் ஓடாமல் நின்றவைதான் அதிகம் உடைந்திருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் எண்ணெய் மாற்றி 100,000 மைலைத் தாண்டியவற்றில் நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

அந்தப் பேரிங்கை மாற்ற கியர்பெட்டி, கிளட்ச், பிளைவீல் மூன்றையும் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்றும்போதும் அதே வேலைதான். ஆகவே கிளட்ச் மாற்றும் நாளில் பேரிங்கையும், கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் அறிவு. மூன்றும் சேர்த்து இந்தத் தொழிலில் தேர்ந்த கராஜ்களில் 1,500 முதல் 2,000 பவுண்டு வரை கேட்பார்கள். விற்பவர் "பேரிங் மாற்றியாயிற்று" என்று வாயால் சொன்னால் போதாது. எந்தத் தேதி, எத்தனை மைலில், என்ன வகைப் பேரிங் என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும். அந்த பில் இல்லையென்றால் அந்த 2,000 பவுண்டைக் காரின் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

இந்தக் காரில் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்க முடியாது. முன்னால் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. அதனால் கண்ணுக்குத் தெரியாததை எண்ணெய் பில்டரைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். நான் எப்போதும் செய்வது இது. பில்டரின் மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு மடிப்பாக விரித்து, வெளியே வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். கறுப்பாகவோ பழுப்பாகவோ சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் அவை செயின் வழிகாட்டியின் தேய்மானம், இந்த வயதில் ஓரளவு வரும். வெள்ளி மினுக்கம் தெரிந்தால், காந்தத்தைக் கொண்டுபோனதும் அந்த மினுக்கம் எழுந்து நின்றால், அது இரும்பு. அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன், யாரையும் வாங்க விடவும் மாட்டேன்.

போகும் நாளில் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் உசுப்பும்போது வரும் சத்தம்தான் உண்மை பேசும். முதல் உசுப்பலில் ஒரு சிறு நீலப்புகை வந்து மறைந்தால் கவலைப்பட வேண்டாம், கிடையாகப் படுத்திருக்கும் சிலிண்டர்களுக்கு அது இயல்பு. தெருவையே மறைக்கும் அளவுக்கு வெள்ளைப் புகை வந்து நிற்காமல் போனால் எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் பாகம் போய்விட்டது. முன் ஸ்பிரிங்குகளின் கீழ் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், இந்தக் காரில் அவை அடிக்கடி உடையும். நான்கு ரயரும் எந்த வருடத்தில் செய்தவை என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். கடைசியாக, இருக்கையைப் பின்னால் தள்ளி, அடியில் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்கள் அடைத்தால் தண்ணீர் உள்ளே வந்து அங்கேதான் தேங்கும். பூட்டையும் திருட்டு எச்சரிக்கையையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி அந்தத் தரையிலேயே, இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்தால் கார் உங்களை அடையாளம் கண்டுகொள்ளாது.

குரோய்டன் தம்பி சொன்னதை நான் மறுக்க மாட்டேன். மாற்று வழி இல்லாதவர் இதை வாங்கக் கூடாது. ஆனால் நல்ல வண்டியாக எடுத்தால் அது உங்களைக் கைவிடாது.


மில்டன்கீன்ஸ் ஓட்டுநர்:

மெக்கானிக் ஐயா எழுதியதோடு இரண்டு விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன். காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படித்துவிடுங்கள். கட்டணம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மைல் ஓடியது, எதில் தவறியது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். யூலெஸுக்கும் பதிவு எண்ணைக் கொடுத்தே பாருங்கள். 2006-க்கு முந்தைய கார் என்பதால் கட்டணம் உண்டு என்று தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தத் தேதி ஒரு பொது அடையாளம்தான், அதற்கு முந்தைய பெட்ரோல் கார்களிலும் தரத்தை எட்டியவை பல உள்ளன.

காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று மலிவாகக் கிடைக்கும் திட்டங்களில், வேலைக்குப் போய்வருவது சேராமல் இருக்கலாம், ஆண்டு மைலுக்கும் வரம்பு இருக்கலாம். தொகை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, அலுவலகம் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் உங்கள் காருக்கான பணம் கிடைக்காமல் போகலாம். முதலிலேயே அதைச் சொல்லி எடுங்கள்.


ஹாரோவாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

ரெடிங் காரின் எம்ஓடி வரலாற்றைப் போவதற்கு முதல்நாள் இரவு படித்தேன். மூன்று ஆண்டுகளில் மொத்தமாக 900 மைல்தான் ஓடியிருந்தது. பிரேக் குழாய்களில் துரு என்ற குறிப்பு நான்கு ஆண்டுகளாக ஒரு சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை, போனேன். எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று கேட்டிருந்தும், நான் போய் நின்றபோது புகைக்குழாய் கையில் சுட்டது. இருக்கையைத் தள்ளிக் கம்பளத்தை அழுத்தினேன், உள்ளங்கை நனைந்தது. விற்பவர் நேற்றுத்தான் உள்ளே கழுவியதாகச் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் மனம் கனத்துத்தான் இருந்தது. வண்டி அவ்வளவு அழகாக இருந்தது, பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டைப் பார்த்தேன், இரண்டும் சரிவரவில்லை. நான்காவதாக எயில்ஸ்பரியில் பார்த்தது 2004-ஆம் ஆண்டுக் கார், அதே 2.7, அடர்நீலம், ஓடியது 104,000 மைல். இவ்வளவு ஓடியதைப் பார்த்து முதலில் ஒதுக்கிவிட்டிருந்தேன். உங்கள் பதில்களைத் திரும்பப் படித்த பிறகுதான் அழைத்தேன். பதினொரு ஆண்டுகளாக அதிலேயே வேலைக்குப் போய்வந்தவர், பணி ஓய்வு பெற்றதால் விற்கிறார். முன் பம்பரில் கல்லடித் தழும்புகள் நிறைய, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. அவர் தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். 81,000 மைலில் கிளட்ச், ஐஎம்எஸ் பேரிங், பின் சீல் மூன்றும் ஒன்றாக மாற்றிய பில்; 90,000-இல் இரண்டு ரேடியேட்டர்களும் கண்டென்சர்களும்; போன ஆண்டு கூலன்ட் தொட்டி. எண்ணெய் ஒவ்வொரு மார்ச்சிலும் மாற்றியிருக்கிறார். கைவிளக்கை முன் திறப்புக்குள் அடித்தேன். நான்கைந்து காய்ந்த இலைகளுக்கு மேல் எதுவும் இல்லை.

அங்கேயே முடிவு செய்யாமல், அவர் சம்மதத்தோடு 220 பவுண்டு கொடுத்துத் தனியாக ஒரு பட்டறையில் சோதிக்கச் செய்தேன். பில்டரை வெட்டித் தட்டில் விரித்து எனக்கே காட்டினார்கள். மூன்று பழுப்புத் துணுக்குகள் இருந்தன, மினுக்கம் இல்லை. முன் இடப்பக்க ஸ்பிரிங் கீழ் வளையத்தில் உடைந்திருந்தது, பின் டயர்கள் 2015-இல் செய்தவை. அந்த இரண்டையும் காட்டிப் பேசியதில் 6,900 கேட்டவர் 6,300-க்குச் சம்மதித்தார். பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், யூலெஸ் கட்டணம் இல்லை. காப்பீட்டில் வேலைக்குப் போவதைச் சொல்லியே எடுத்திருக்கிறேன். குரோய்டன் நண்பர் கேட்ட கேள்வியை மனைவியிடம் கேட்டேன். கார் நிற்கும் வாரங்களில் அவர் வீட்டிலிருந்து வேலை செய்துகொள்வார், மகளை நான் பள்ளியில் விட்டுவிட்டு அவருடைய காரில் போவேன் என்று முடிவாயிற்று. மீதமுள்ள பணத்தில் ஸ்பிரிங், டயர் போக 1,700 பவுண்டு தனிக் கணக்கில் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை.

இரண்டு வாரமாக ஓட்டுகிறேன். காலை ஏழு மணிக்கு எஞ்சின் முள் சூட்டுக்கு வரும்வரை 3,000 சுழற்சிக்கு மேல் போகாமல் ஓட்டுகிறேன், அதற்கே பத்து நிமிடம் ஆகிறது. போன வியாழக்கிழமை மாலை மழை விட்டதும் ஒரு சந்திப்பில் நின்றபோது கூரையைத் திறந்தேன். தலைக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் ஆறு சிலிண்டர்களும் ஓடும் சத்தம் அப்படியே காதில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியை அன்று இரண்டு மைல் நீட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கூரையின் நீர்க்குழாய்களைத் துப்புரவு செய்யலாம் என்றிருக்கிறேன். அவை எங்கே இருக்கின்றன, கம்பியை விட்டுக் குத்தலாமா?


கொக்குவில் மெக்கானிக்:

நல்ல வண்டி எடுத்திருக்கிறீர்கள் தம்பி. கம்பி விடவே வேண்டாம். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் தண்ணீர் நேரே காருக்குள் வரும். கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தினால் பின்மூடி எழுந்து நிற்கும். அதன் அடியில் இடமும் வலமும் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளம் தெரியும், துவாரம் அதன் அடியில் இருக்கிறது. இலையைக் கையால் எடுத்துவிட்டு, மெதுவாக உறிஞ்சி எடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் நிலத்தில் சொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சொட்டினால் கூரையை மூடிவிடலாம். ஒரு பக்கம் சொட்டாவிட்டால் மேலும் ஊற்றாமல் எனக்கு எழுதுங்கள்.